துபாய்ப் பெட்டியில் வந்த சோப்பு

தெர்மாமீட்டர் உடைந்த காலையில்தான் எனக்கு அது பிடிபட்டது.

ரோஸ்லின் சிஸ்டர் தெர்மாமீட்டரை உதறுகிற வேகத்தைப் பார்த்தால், இன்றைக்கோ நாளைக்கோ அது கட்டில் கம்பியில் மோதும் என்று யாரும் சொல்லிவிடலாம். அன்று மோதியது. கண்ணாடி நொறுங்கி, உள்ளே இருந்த பாதரசம் சிமெண்டுத் தரையில் சின்னச் சின்ன உருண்டைகளாக ஓடியது. பெண்கள் வார்டே எழுந்து உட்கார்ந்துவிட்டது. ஆயா முனியம்மா தீப்பெட்டி அட்டையால் உருண்டைகளைத் தள்ளித் தள்ளி ஒன்றாகச் சேர்த்து, நோயாளிகளைப் பார்க்க வந்த பிள்ளைகளிடம் நீட்டினாள்.

"இந்தாங்க மக்கா, வெள்ளி முத்து. சண்டை போடாம விளையாடணும், கேட்டியளா?"

அந்த ஆஸ்பத்திரியில் அதுதான் வழக்கம். தெர்மாமீட்டர் உடைந்தால் பிள்ளைகளுக்குத் திருவிழா.

என் போர்வையிலும் ஓர் உருண்டை தெறித்திருந்தது. சும்மா இருக்காமல் விரலால் தொட்டேன். நிச்சயதார்த்த மோதிரத்தில் பட்டதும் அந்த இடம் சுண்ணாம்பு தடவியது போல வெளுத்துவிட்டது.

"ஏட்டி, பவுன் வெளுத்துப் போச்சே! மாப்பிள்ளை வீட்டு மோதிரம்லா!" அம்மா என் கையைப் பிடித்து இழுத்து முந்தானையால் அழுத்தித் துடைத்தாள்.

"துடைச்சாப் போவாதும்மா. தங்கமும் பாதரசமும் சேந்தா இப்படித்தான். அமால்கம்னு பேரு."

முகம் வீங்கி, கண் இரண்டும் கீற்றாகத் திறந்திருந்த நிலையிலும் பாடம் நடத்தாமல் இருக்க முடியவில்லை. திருநெல்வேலியில் விடுதியில் தங்கி வேதியியல் பட்டம் வாங்கி வந்த சூடு இன்னும் ஆறவில்லை எனக்கு.

டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தார். தலை முழுக்க நரைத்தவர், அவசரமே படாதவர். அம்மாவின் பதற்றத்தைப் பார்த்துச் சிரித்தார். "இதுக்குப் போய் பயப்படுதிய. நான் படிச்சு வந்த புதுசுல, உடம்புல நீர் கோத்தவங்களுக்குப் பாதரச ஊசியே போடுவோம். அது போய்ச் சிறுநீரகத்தைக் கிள்ளும். நீர் கடகடன்னு இறங்கும். சில பேருக்குச் சிறுநீரகத்தையே கெடுத்துப்போட்டுது. அப்புறம் விட்டாச்சு."

"இந்த உருண்டையவா சார் ஊசி போட்டிய?" என்று கேட்டேன்.

"இது இல்லம்மா. உப்பா மாத்துனது. உப்பா இருந்தாத்தான் உடம்புல ஏறும்."

"குளோரைடு, அயோடைடு, அந்த மாதிரியா?"

என் வாயிலிருந்து வந்த 'அயோடைடு' என் காதிலேயே விழுந்தது. இந்தச் சொல்லை அண்மையில் எங்கேயோ படித்திருக்கிறேன். புத்தகத்தில் இல்லை. ஈரமான ஒரு காகிதத்தில். எறும்பு அளவு இங்கிலீஷ் எழுத்தில். குளியலறை மாடத்தில் கிடந்த சோப்பு உறையின் பின்பக்கத்தில்: மெர்குரிக் அயோடைடு. அதாவது பாதரச உப்பு.

அண்ணன் துபாயிலிருந்து கொண்டுவந்த சோப்பு.

அடுத்த நொடியே இன்னொன்று தோன்றி, போர்வையை உதறிவிட்டு எழப் பார்த்தேன். அந்த நேரத்துக்கு எங்கள் வீட்டில் அண்ணன் மனைவி வேலு மதினி குளிக்கப் போயிருப்பாள். அதே சோப்பு. அவளுக்கு அப்போது ஆறு மாதம்.

என்ன நடந்தது என்று முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன்.

கணேசன் அண்ணன் துபாயில் வெல்டர். ஆடித்தபசுத் திருவிழாவுக்கு லீவில் வந்தவன் பெட்டியைத் திறந்தபோது தெருவே வந்து பார்த்தது. டேப் ரிக்கார்டர், டார்ச் லைட், ஜார்ஜெட் சேலை, சென்ட் பாட்டில், அடியில் அட்டைப் பெட்டி நிறைய சோப்பு. மற்றதெல்லாம் எல்லாருக்கும். சோப்பு மட்டும் மதினிக்கு.

"நம்ம கேம்ப்புல ஊருக்கு வார ஆளெல்லாம் இதத்தான் வாங்குதான். தேச்சா நிறம் ஏறுமாம். ஒனக்கு ஒரு லோடு தேவப்படும்," என்றான் மதினியைப் பார்த்து.

"எனக்கு நிறம் ஏறுனா அப்புறம் ஒங்க பக்கத்துல நிக்க மாட்டேன், பாத்துக்கிடுங்க," என்றாள் மதினி. மதினி கறுப்பு. அண்ணன் அதைவிடக் கறுப்பு. இரண்டு பேரும் சிரித்துக்கொண்டார்கள்.

அண்ணன் திரும்பிப் போனபோது எங்கள் வீட்டில் இரண்டு சந்தோஷம் இருந்தது. ஒன்று மதினிக்கு நாள் தள்ளியது. இன்னொன்று எனக்குப் புளியங்குடியில் மாப்பிள்ளை அமைந்தது. எலுமிச்சைக் கமிஷன் மண்டி வைத்திருக்கிற குடும்பம். பெண் பார்க்க வந்த அந்த வீட்டம்மா என்னைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பிள்ளை லெச்சணமாத்தான் இருக்கா. நிறந்தான் ஒரு மாத்துக் கொறவு," என்றார்.

அவர்கள் போன பிறகு மதினி உள்ளே போய்த் தன் பெட்டியைத் திறந்து மூன்று கட்டிச் சோப்பை எடுத்து வந்து என் மடியில் போட்டாள். "ஒரு மாத்து என்னட்டி, ரெண்டு மாத்து ஏத்திக் காட்டுதேன். அந்தம்மா வாயடைக்கணும்." எப்படிப் போடுவது என்றும் அவள்தான் சொல்லித் தந்தாள். முகம், கழுத்து, கை எல்லாம் நுரை பூசி, நுரையோடு காயவிட வேண்டும். தோல் இழுக்கிறபோதுதான் கழுவ வேண்டும். உடனே கழுவினால் துபாய்க் காசு தண்ணீரோடு போய்விடும். சோப்பு வந்த வீடுகளில் எல்லாம் பெண்கள் அப்படித்தான் செய்தார்கள். நாட்டுச் சோப்பை யாரும் காயவிடுவதில்லை. அருமையான பொருள் என்பதால்தான் இதற்கு அந்த மரியாதை.

நிறம் ஏறியது. பொய் சொல்லக் கூடாது, நன்றாகவே ஏறியது.

கார்த்திகையில் நிச்சயம் முடிந்து, மார்கழி போகப் போக என் முகமும் நிரம்பியது. ஒட்டடைக்குச்சி என்று தெருவில் பெயர் வாங்கியவள் நான். கன்னம் உப்பி, மோவாய் வட்டமானது. "கல்யாணக் களை வந்துட்டு, பாத்தியளா!" என்று பக்கத்து வீட்டு மாரியக்கா நெட்டி முறித்தாள். புளியங்குடி அம்மா பலகாரத்தோடு வந்து என் மோவாயைப் பிடித்து ஆட்டி, "இப்பதான் எங்க வீட்டுக்கு ஏத்த மருமவ," என்றார். அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. தையல்காரர் தைத்துக் கொடுத்த ரவிக்கை பத்து நாளில் கையில் ஏறவில்லை. போய்ச் சண்டை போட்டோம். "என் அளவு தப்பலம்மா. நீங்கதான் அளவு தப்பிட்டிய," என்றார் அவர். எல்லாரும் சிரித்தோம்.

நான் மட்டும் சிரித்துவிட்டு யோசித்தேன். சாயங்காலம் கால் கனத்தது. கெண்டைக்காலில் கட்டைவிரலை அழுத்தி எடுத்தால் குழி விழுந்து, நிரம்ப வெகுநேரம் ஆனது. சிறுநீர் நுரைத்துக்கொண்டு போனது. அதை யாரிடம் சொல்ல? கல்யாணப் பெண் அந்தப் பேச்செல்லாம் பேச முடியுமா? மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. தை பிறந்து ஒருநாள் காலை கண் திறக்கவே இல்லை. இமை இரண்டும் வீங்கி ஒட்டிக்கொண்டன. அன்றைக்குத்தான் ஆஸ்பத்திரி.

எங்கள் ஊரிலேயே உள்ள சின்ன ஆஸ்பத்திரி. காத்திருக்கிற இடத்தில் பெஞ்சு நிறையப் பெண்கள். அம்மா சிறுநீர் பாட்டிலை மஞ்சள் பைக்குள் வைத்து, பைக்கு மேல் துண்டைப் போட்டு, ஏதோ திருட்டுப் பொருள் போல அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கூப்பிடும் வரை எனக்குள் ஓடியது ஒன்றே ஒன்று: கல்யாணத்துக்குள் இது வற்றிவிடுமா? செத்துப்போகலாம் என்கிற எண்ணமே வரவில்லை. அது பிறகுதான் வந்தது.

சோதனை எளிதானது. படித்தவள் என்பதால் சிஸ்டர் என்னைப் பக்கத்தில் நிற்கவிட்டார். கண்ணாடிக் குழாயில் சிறுநீரை ஊற்றி, மேல்பாதியை ஸ்பிரிட் விளக்கில் காட்டினார். கொதி வந்ததும் மேல்பாதி வெள்ளையாகத் திரண்டது. வினிகர் மாதிரி ஒன்றை இரண்டு சொட்டு விட்டார். அப்போதும் கரையவில்லை. அவித்த முட்டையின் வெள்ளைக்கரு போலக் கெட்டியாகவே நின்றது.

டாக்டர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு எனக்கு விளக்கினார். "சிறுநீரகம்ங்கிறது சல்லடை. அழுக்குத் தண்ணியை வெளிய விட்டுட்டு, ரத்தத்துல உள்ள புரதச் சத்தைப் பிடிச்சு வைக்கும். ஒன் சல்லடை கிழிஞ்சுட்டு. சத்தெல்லாம் ஒழுகிப் போகுது. சத்து இல்லாத ரத்தத்துல தண்ணி நிக்காது, சதைக்குள்ள இறங்கிடும். அதான் வீக்கம்."

"எதனால சார் கிழிஞ்சுது?"

"நாட்டு மருந்து, பஸ்பம் எதும் சாப்பிட்டியா?"

"இல்ல சார்."

"அப்ப தெரியல," என்றார். அந்த 'தெரியல'தான் பயம் காட்டியது. உப்பில்லாத சாப்பாடு, நீர் இறங்க மாத்திரை, ஸ்டீராய்டு மாத்திரை, படுக்கை. கல்யாணத்துக்குச் சேர்த்த பணத்தில் அப்பா கைவைக்க ஆரம்பித்தார். இரண்டு வாரமாகியும் குழாயில் வெள்ளை குறையவில்லை. ஆஸ்பத்திரியிலும் நான் அந்தச் சோப்பைத்தான் போட்டேன். ஆளைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வந்துவிட்டால்?

அந்த நிலையில்தான் தெர்மாமீட்டர் உடைந்தது.

டாக்டரிடம் சோப்பைக் காட்டினேன். உறை வீட்டிலிருந்து வந்தது. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் படித்தார். இரண்டு முறை படித்தார். "காயவிட்டியா?" என்று கேட்டார். "ஆமா சார்." "எவ்வளவு நாளா?" சொன்னேன். நாற்காலியை இழுத்துப் போட்டு என் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். உடம்பில் பாதரசம் இருக்கிறதா என்று பார்க்கிற சோதனை பக்கத்தில் எங்கும் கிடையாது. சோப்பை விட்டுவிட்டுப் பார்ப்பது ஒன்றுதான் வழி. "விட்ட பிறகு வெள்ளை குறைஞ்சா, இதுதான்னு வச்சுக்கலாம்," என்றார். "வீட்டுல வேற யாரு போடுதா?"

சொன்னேன். "உடனே வரச்சொல்லு," என்றார்.

வரச்சொல்ல வேண்டியதே இல்லை. மதினி தினமும் மத்தியானம் உப்பில்லாக் கஞ்சியும் அவித்த காயும் எடுத்துக்கொண்டு நடந்தே வருவாள். அன்றும் வந்தாள். ஆனால் நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா வராந்தாவில் அவளைப் பிடித்துவிட்டாள். டாக்டர் சொன்னதில் அம்மா காதில் விழுந்தது ஒரே விஷயம்: மருமகள் கையால் கொடுத்த பொருளில் விஷம்.

"எம்மவளுக்கு மருந்து வச்சுட்டியேட்டி!"

எங்கள் பக்கத்தில் அந்தப் பேச்சுக்கு என்ன பொருள் என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். ஆகாதவர்களுக்குச் சோற்றிலோ வெற்றிலையிலோ எதையாவது கலந்து கொடுத்து, அவர்களை மெல்ல மெல்ல உருக்குவது. ஒரு பெண்ணைப் பார்த்து இதைவிடக் கெட்ட சொல் கிடையாது.

மதினி தூக்குவாளியைக் கீழே வைத்தாள். "என்னத்தே சொல்லுதிய?"

"நாத்தனாருக்கு நல்ல இடம் அமைஞ்சது பொறுக்கலையோ? ஒனக்குன்னு வந்த சோப்ப இவளுக்கு எதுக்குட்டி குடுத்த?"

"நானுந்தான போடுதேன்! இன்னைக்குங் காலைல போட்டுட்டுத்தான் வாரேன்!"

"ஒனக்கு ஒண்ணுஞ்செய்யல, இவளுக்குச் செஞ்சிருக்கே!"

நான் கட்டிலிலிருந்து கத்தினேன். "அம்மா, அவ வைக்கல. அது சோப்புலேயே இருக்கு. மதினி, நீயும் நிறுத்து. ஒனக்கும் அதே கேடு வரும். வயித்துல பிள்ளைய வச்சிருக்க, ஒரு சொட்டு சிறுநீர் குடுத்துட்டுப் போ, பாத்திருவோம்."

மதினி என் பக்கம் திரும்பினாள். அந்த முகத்தை நான் மறக்கமாட்டேன். "ஒங்க அண்ணன் அங்கன வெயில்ல இரும்பு உருக்கிச் சம்பாரிச்சு, பொண்டாட்டிக்கு விஷத்தையா வாங்கிட்டு வருவாவ? அத நான் ஒத்துக்கிடணுமா, கோமு?"

தூக்குவாளியை அங்கேயே விட்டுவிட்டுப் போய்விட்டாள். சாயங்காலம் துபாய்ப் பெட்டியோடு ராயகிரிக்குப் பஸ் ஏறியதாக அப்பா வந்து சொன்னார். ராயகிரி அவளுக்குத் தாய்வீடு.

அன்றிலிருந்து எனக்கு வேலை இரண்டுதான். காலையில் குழாயில் என் சிறுநீர் எவ்வளவு வெள்ளையாகிறது என்று பார்ப்பது. மதினியை எப்படியாவது வரவழைப்பது. முதலாவது நடந்தது. சோப்பை விட்ட சில வாரத்தில் கெட்டி வெள்ளை தயிராகி, தயிர் மோராகி, மோர் வெறும் கலங்கலானது. கணுக்கால் எலும்பு திரும்பக் கண்ணில் பட்டது. எனக்கு ஒவ்வொரு காலையும் கூத்தாட வேண்டும் போல இருக்கும். அடுத்த நிமிடமே ராயகிரி ஞாபகம் வரும். அங்கே ஒவ்வொரு காலையும் மதினி நுரையைக் காயவிட்டுக்கொண்டு இருப்பாள்.

அப்பாவை இரண்டு முறை அனுப்பினேன். அப்பா விசைத்தறிக்கூடத்தில் மேஸ்திரி. தறிச் சத்தத்தில் வேலை பார்த்துப் பார்த்துப் பேச்சைக் குறைத்துக்கொண்டவர். முதல் முறை வந்து, "வரமாட்டேங்கா," என்றார். இரண்டாம் முறை வந்து, "காலெல்லாம் வீங்கித்தான் இருக்கு. ரெட்டப்பிள்ளைன்னு சொல்லுதாவ அங்கன. எல்லாரும் சந்தோசமா இருக்காவ," என்றார்.

எனக்குக் கல்யாணக் களை. அவளுக்கு இரட்டைப்பிள்ளை.

ராயகிரிக்கு நானே போகிறேன் என்று டாக்டரிடம் கேட்டேன். எழுந்தால் விழுந்துவிடுவாய் என்றார். கையைப் பிசைந்துகொண்டு படுத்திருக்க முடியாமல் கண்ணில் பட்டதை எல்லாம் படித்தேன். காயத்துக்குத் தடவுகிற சிவப்பு மருந்து பாட்டிலை வாங்கிப் படித்தேன். அதிலும் இருந்தது.

"சார், இதுலயும் பாதரசம்."

"தெரியும்மா. கொஞ்சந்தான்."

"எனக்கும் கொஞ்சங்கொஞ்சமாத்தான சார் ஏறிச்சு?"

அதற்குப் பிறகு கட்டுப்போடுகிற அறையில் சிவப்பு பாட்டிலை நான் பார்க்கவில்லை, டிங்சர்தான் இருந்தது. தெர்மாமீட்டருக்கு மாற்று எங்கள் ஊருக்கு வரவில்லை, ரத்த அழுத்தம் பார்க்கிற பெட்டியிலும் பாதரசம்தான் நிற்கிறது, அதை விட முடியாது என்றார். சரி, உடையாமலாவது பார்க்கலாமே? பஞ்சு விரித்த தட்டில் வைப்பது, கட்டிலை விட்டுத் தள்ளி நின்று உதறுவது, உடைந்தால் விளக்குமாற்றால் கூட்டாமல் இரண்டு அட்டையால் அள்ளித் தண்ணீர் உள்ள பாட்டிலில் போட்டு மூடுவது. சொல்லிச் சொல்லி ரோஸ்லின் சிஸ்டர் உயிரை எடுத்தேன். "நீ எப்ப தாயி வீட்டுக்குப் போவ?" என்று கையெடுத்துக் கும்பிட்டார். ஆனால் செய்தார். முனியம்மாதான் முணுமுணுத்தாள்: "பிள்ளையளுக்கு இனி என்னத்த விளையாடக் குடுக்க?"

புளியங்குடிக்காரர்கள் ஒருமுறை வந்தார்கள். மாத்திரையில் வற்றி, தோல் தொங்கிய என் முகத்தைப் பார்த்தார்கள். வைகாசியில் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். எந்த வைகாசி என்று சொல்லவில்லை. அம்மா அழுதாள். எனக்கும் வருத்தம்தான், மறைக்கவில்லை. ஆனால் அந்த வருத்தத்துக்கு நேரமில்லை.

மாசியில் என்னை வீட்டுக்கு அனுப்பினார்கள். வாரம் ஒருமுறை பாட்டிலோடு வர வேண்டும். பங்குனியில் அப்படி ஒருநாள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது வாசலில் வாடகைக் கார் வந்து நின்றது. பின் சீட்டிலிருந்து இரண்டு பேர் தாங்கி இறக்கியது யாரை என்று முதலில் எனக்கு அடையாளம் தெரியவில்லை. முகம் அவ்வளவு வீங்கியிருந்தது. ஜார்ஜெட் சேலையைப் பார்த்துத்தான் தெரிந்தது.

"கோமு," என்றாள் மதினி. "தலை பொளக்குதுட்டி. கண்ணு மங்குது. நீ நிக்கது நிழலாத் தெரியுது."

டாக்டர் அவள் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தார். பெட்டிக்குள் வெள்ளிக் கோடு மேலே மேலே ஏறியது. அது நின்ற இடத்தைப் பார்த்துவிட்டு டாக்டர் சிஸ்டரிடம் பிரசவ அறையைத் திறக்கச் சொன்னார்.

மத்தியானத்துக்கு மேல் பிள்ளை பிறந்தது. ஒரே பிள்ளை. பெண். நாள் நிறையாத சின்ன உடம்பு. அழவில்லை. சிஸ்டர் தட்டினார், தலைகீழாகப் பிடித்தார், வாயோடு வாய் வைத்து ஊதினார். அழவே இல்லை. அப்பா ஒரு புது வேட்டியைக் கிழித்துப் பிள்ளையை அதில் வாங்கிக்கொண்டு போனார். எங்கே கொண்டுபோனார் என்று இதுவரை யாரும் அவரிடம் கேட்கவில்லை.

மதினி பிழைத்தாள். ரத்த அழுத்தம் இறங்க நாலைந்து நாள் ஆனது. என் பழைய கட்டிலுக்கு எதிர்க் கட்டில். நான் பகல் முழுக்க அவள் பக்கத்தில் இருந்தேன். அம்மா முதல் நாள் வார்டு வாசல் வரை வந்துவிட்டு உள்ளே வரவில்லை. மூன்றாம் நாள் மதினிக்குப் பால் கட்டிக்கொண்டது. நெஞ்சு கல்லாகி, காய்ச்சல் கண்டு, வலியில் பல்லைக் கடித்தாள். நான் வீட்டுக்கு ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன். அம்மா ஒன்றும் கேட்காமல் பூ மார்க்கெட்டுக்குப் போனாள். எங்கள் ஊர் மல்லிகை வெளியூருக்கெல்லாம் போகிற மல்லிகை. பை நிறைய வாங்கி வந்தாள். கட்டில் ஓரம் துணியை மறைப்பாகக் கட்டி, மதினியின் ரவிக்கையைத் தளர்த்தி, மார்பில் மல்லிகையைப் பரப்பித் துணியால் இறுக்கிக் கட்டினாள். பால் வற்றுவதற்கு எங்கள் பக்கத்துக் கைமருத்துவம் அது. வார்டு முழுக்கக் கல்யாண வீடு போல மணத்தது. உள்ளே வந்தவர்கள் எல்லாம் ஒரு நிமிடம் முகம் மலர்ந்துவிட்டு, பிறகு தெரிந்துகொண்டு தலையைக் குனிந்துகொண்டார்கள்.

கட்டி முடித்து முடிச்சுப் போடும்போது அம்மா சொன்னாள்: "அன்னைக்குச் சொன்னத நெனச்சுக்கிடாதத்தா."

மதினி கண்ணை மூடிக்கொண்டே, "இறுக்கிக் கட்டுங்கத்தே," என்றாள். அவ்வளவுதான் அவர்களுக்குள் நடந்த பேச்சு.

மறுநாள் என்னைக் கூப்பிட்டாள். "நெசத்தச் சொல்லு, கோமு. சோப்புதானா?"

என்ன சொல்ல? டாக்டரிடம் நான் இதையே கேட்டிருந்தேன். பிள்ளைத்தாய்ச்சிகளுக்குச் சோப்பே போடாமலும் இப்படி வருவது உண்டு, சத்தியம் பண்ண முடியாது என்றார். அதை அப்படியே சொன்னேன். "ஆனா எனக்கு விட்ட பிறகு கொறஞ்சுது. இங்கன வந்த பிறகு ஒனக்கும் குழாயில வெள்ளை கொறையுது. அவ்வளவுதான் எனக்குத் தெரியும், மதினி. அண்ணனுக்கு இது தெரியாது. ஒனக்கும் தெரியாது. யாரும் வைக்கல."

அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. திடீரென்று எழுந்து உட்கார்ந்தாள்.

"ஏட்டி, நான் ராயகிரியில போயி என்ன செஞ்சேன் தெரியுமா? ஒங்கம்மா சொன்ன சொல்லு என்னை அறுத்துட்டு. எம் புருசன் கொண்டாந்தது விஷம் இல்லன்னு ஊருக்குக் காட்டணும்னு, மிச்சம் இருந்த கட்டிய எல்லாம் நூல வச்சுத் துண்டு துண்டா அறுத்து, எங்க தெருவுல வீட்டுக்கு ஒரு துண்டு குடுத்தேன். எந் தங்கச்சி கனிக்கு முழுக் கட்டி. அவளுக்கு வைகாசில கல்யாணம். காயவிடணும்னு எல்லாருக்கும் நாந்தான் சொல்லிக் குடுத்தேன்."

ராயகிரிக்குப் போய்வந்த அப்பாவிடம் கனி எப்படி இருக்கிறாள் என்று மதினி கேட்டாள். அவளுக்கும் சோப்பு கொடுத்தது அப்பாவுக்குத் தெரியாது. "நல்லா இருக்கா. மூஞ்சி பூரிச்சுப் போயி இருக்கு," என்றார்.

அதன் பிறகு மதினியை ஆஸ்பத்திரியில் வைத்திருக்க முடியவில்லை. டாக்டர் கெஞ்சி இரண்டு நாள்தான் இருக்க வைத்தார். நேற்று வீட்டுக்கு வந்தாள். கால் இன்னும் முழுதாக வற்றவில்லை. டேப் ரிக்கார்டரில் அண்ணனுக்குப் பேசிப் பதிந்து கேசட்டை அனுப்பினாள். பிள்ளை போனதைச் சொன்னாள். கேம்ப்பில் யாரும் இனி அந்தச் சோப்பை வாங்கக் கூடாது என்றும் சொன்னாள். 'ஒங்க மேல தப்பில்ல' என்று ஒருமுறை சொல்லிவிட்டு, மறுபடியும் ஒருமுறை சொன்னாள்.

கொடுத்த சோப்பை எல்லாம் திருப்பி வாங்க நாங்கள் ராயகிரிக்குப் போகிற காரியத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. எங்கள் பக்கத்தில் கொடுத்ததைத் திருப்பிக் கேட்பவளை வாசலில் நிற்கவிட மாட்டார்கள். அதிலும் பாரின் சோப்பு. நிறம் ஏறிக்கொண்டிருக்கிற நேரத்தில் யார் கொடுப்பார்கள்? பிள்ளை போன துக்கத்தில் புத்தி பிசகிவிட்டது என்பார்கள். கல்யாணம் நின்றுபோன நாத்தனார் பொறாமையில் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறாள் என்பார்கள். டாக்டர் ஒரு ஸ்பிரிட் விளக்கும் நாலு கண்ணாடிக் குழாயும் வினிகரும் தந்திருக்கிறார். வெள்ளை திரண்டால் ஆளை அன்றைக்கே கூட்டிவரச் சொல்லியிருக்கிறார். வாங்குகிற சோப்பைக் கிணற்றிலோ ஓடையிலோ போடாமல் மூடி போட்ட டப்பாவில் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்.

என்ன பேசுவது என்று நான் ஒரு மணிநேரம் ஒத்திகை பார்த்தேன். சல்லடையில் ஆரம்பித்து மெர்குரிக் அயோடைடு வரை வந்தேன். மதினி கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "நீ குழாயச் சுட்டுக் காட்டு, போதும். கேக்கது நான் கேக்கேன்," என்றாள்.

"தரலன்னா?"

"மொதல்ல எங்க வீட்டுல கனி. எங்கூடப் பொறந்தவ. அவ தந்துட்டா தெரு தரும்."

"அவளே தரலன்னா, மதினி?"

இதைப் படிக்கிறவர்கள் வீட்டில் மாடத்திலோ பெட்டியிலோ அப்படி ஒரு சோப்போ களிம்போ இருந்தால், உறையின் பின்பக்கத்தைத் தயவுசெய்து படியுங்கள். இங்கிலீஷ் தெரியாவிட்டால் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள்.

நாளைக் காலையில் ராயகிரிக்குப் போகிற முதல் பஸ்ஸில் புறப்படுகிறோம். கனி தராவிட்டால் தருகிற வரைக்கும் தாய்வீட்டு வாசலிலேயே உட்கார்ந்திருக்கப் போவதாக மதினி சொல்கிறாள். மாற்றுச் சேலை இரண்டை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டாள்.